நீரிழிவு நோயும் எமது சமூகமும்: ஒரு நோக்கு

இலங்கையின் பொதுச்சுகாதார வரலாறு நீண்ட காலமாகத் தொற்றுநோய்களுக்கு எதிரான போராட்டத்தின் வரலாறாகவே இருந்து வந்துள்ளது. 1934–1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இந்நாட்டிற் பல்லாயிரம் உயிர்களைக் காவு கொண்டது. அதே நாடு 2016ஆம் ஆண்டிலே மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தினாற் சான்றுபடுத்தப்பட்டது. இலவச மருத்துவ சேவை, கிராமங்கள்தோறும் பணியாற்றிய குடும்பநல உத்தியோகத்தர், பெண் கல்வியின் வளர்ச்சி ஆகியன ஒன்றிணைந்து ஈட்டிய பேறுகளுள் இதுவும் ஒன்றாகும். எனினும், நாம் இவ்வெற்றிகளை ஈட்டிக்கொண்டிருந்த அதே காலப்பகுதியில், நுளம்பாலோ குடிநீராலோ பரவாததும், காய்ச்சலோ வலியோ இன்றி ஆண்டுக்கணக்கில் உடலினுள் உறையக்கூடியதுமான பிறிதொரு நோய் எமது இல்லங்களுட் புகுந்துவிட்டது. நீரிழிவு என ஏடுகளிலும், சலரோகம் எனவும் சீனி வருத்தம் எனவும் பேச்சு வழக்கிலும் சுட்டப்படும் இந்நோயின் இயல்பையும், அது பெருகிவருவதற்கான காரணங்களையும், அதனைக் கட்டுப்படுத்தும் வழிகளையும் எமது சமூகச் சூழலில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டையோர் அறிந்த நோய்

நீரிழிவு புதியதொரு நோயன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த கிரேக்க மருத்துவரான அரெத்தேயசு, உடலும் தசையும் கரைந்து சிறுநீராக வெளியேறும் நோயென இதனை வருணித்துள்ளார். உள்ளே ஊற்றப்படும் நீர் நில்லாது ஒழுகிவிடுதலைச் சுட்டும் கிரேக்கச் சொல்லே இந்நோயின் மேனாட்டுப் பெயருக்கு மூலமாயிற்று. இந்திய மருத்துவ மரபோ நோயாளியின் சிறுநீர் இனிக்கும் என்பதையும் அதனை எறும்புகள் நாடும் என்பதையும் கண்டு, இதனை மதுமேகம் என்றது. பிறவியிலேயே வந்து மெலிந்தோரைப் பற்றும் நோயினையும், பொருந்தா உணவினாலும் உழைப்பின்மையாலும் பருத்தோரைப் பற்றும் நோயினையும் சுசுருத சங்கிதை வேறுபடுத்திக் காட்டியமை வியத்தற்குரியது. மேகநோய்களை இருபதாக வகுத்த சித்த மருத்துவத்திலும் நீரிழிவு இடம்பெற்றுள்ளது.

ஆயினும், நோயைக் கண்டறிதல் வேறு. அதன் காரணத்தை அறிதல் வேறு. 1776இல் மத்தியூ டொப்சன் என்ற ஆங்கில மருத்துவர், நோயாளியின் சிறுநீரை ஆவியாக்கி எஞ்சிய பொருள் சர்க்கரையே எனக் காட்டினார். 1869இல் போல் லாங்கர்கான், சதையியினுட் சிறுதீவுகள்போற் சிதறிக்கிடக்கும் கலத்தொகுதிகளை நுணுக்குக்காட்டியிற் கண்டார். அவற்றின் தொழில் யாதென அவர் அறிந்திலர். 1889இல் வொன் மேரிங்கும் மின்கோவ்சுக்கியும் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அந்நாய்க்கு நீரிழிவு ஏற்பட்டது. நோயின் வேர் சதையியில் உள்ளதென்பது இவ்வாறு தெளிவாயிற்று.

உடலினுள் நிகழ்வது

நாம் உண்ணும் சோறு, பாண், பிட்டு, இடியப்பம் ஆகியவற்றிலுள்ள மாப்பொருள் சமிபாட்டின் முடிவிற் குளுக்கோசாக மாறிக் குருதியிற் கலக்கின்றது. குருதியிற் குளுக்கோசு மிகும்போது சதையியின் சிறுதீவுகளிலுள்ள பீற்றாக் கலங்கள் இன்சுலின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. இன்சுலின், தசைக் கலங்களும் கொழுப்புக் கலங்களும் குளுக்கோசை உள்ளெடுப்பதற்குத் துணை செய்கின்றது. ஈரல் தான் சேமித்த குளுக்கோசைக் குருதியுள் விடுவதையும் தடுக்கின்றது. இன்சுலின் போதாதபோது, அல்லது இருந்தும் அதன் ஏவலைக் கலங்கள் ஏற்காதபோது, குருதியிற் குளுக்கோசு தேங்குகின்றது. குருதி முழுவதும் சர்க்கரை நிறைந்திருக்கக் கலங்களோ பட்டினி கிடக்கின்றன. குருதிக் குளுக்கோசு ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தினால் அதனை முற்றாக மீட்டெடுக்க இயலாது போகின்றது. சர்க்கரை சிறுநீருடன் வெளியேறுகின்றது. அது தன்னுடன் நீரையும் இழுத்துச் செல்கின்றது. அடிக்கடி சலம் போதல், அடங்காத் தாகம், மிகுபசி, உடல் மெலிவு ஆகிய அறிகுறிகள் யாவும் இவ்வொரு குறையிலிருந்தே பிறப்பனவாகும்.

நீரிழிவு ஒருவகைப்பட்டதன்று. உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே பீற்றாக் கலங்களை அழிப்பதனால் ஏற்படுவது முதலாம் வகை. இது பெரும்பாலும் சிறுவரையும் இளையோரையும் பற்றுகின்றது. இன்சுலின் இன்றி இவர்கள் உயிர்வாழ்தல் இயலாது. இன்சுலினின் ஏவலைக் கலங்கள் ஏற்காமையும், காலப்போக்கிற் சதையி சோர்வடைதலும் சேர்ந்து விளைவிப்பது இரண்டாம் வகை. உலகின் நீரிழிவாளருள் மிகப் பெரும்பான்மையோர் இவ்வகையினரே. கருவுற்ற காலத்தில் தோன்றுவது மற்றொரு வகை. அது பிள்ளைப்பேற்றின் பின் மறையக்கூடுமாயினும், தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பினை மிகுவிக்கின்றது.

இந்நோயின் கொடுமை அதன் அறிகுறிகளில் மட்டும் தங்கியதன்று. இரண்டாம் வகை நோய் ஆண்டுக்கணக்கில் எவ்வித துன்பமும் தராது இருத்தல் கூடும். அவ்வமைதிக் காலத்திலேயே மிகுசர்க்கரை நுண்ணிய குருதிக்குழாய்களைச் சிதைக்கின்றது. விழித்திரை பழுதடைந்து பார்வை மங்குகின்றது; சிறுநீரகம் செயலிழக்கின்றது; கால்நரம்புகள் உணர்விழக்கின்றன. பெரிய நாடிகளிற் கொழுப்புப் படிதல் விரைவுபட்டு மாரடைப்பும் பாரிசவாதமும் நேர்கின்றன. நோயாளி வைத்தியசாலையை நாடும்போது சிதைவு பலகாலம் முன்னரே தொடங்கியிருத்தல் எமது அனுபவத்திற் காணும் பொதுநிலையாகும்.

இன்சுலினும் அதன் வரலாறு தரும் பாடமும்

1921ஆம் ஆண்டு கோடைகாலத்திற் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில், மக்லியொட் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்தில், பான்ரிங் என்ற இளம் மருத்துவரும் பெஸ்ற் என்ற மாணவரும் நாய்களின் சதையியிலிருந்து குருதிச் சர்க்கரையைக் குறைக்கும் சாறு ஒன்றினைப் பிரித்தெடுத்தனர். கொலிப் என்ற உயிரிரசாயனவியலாளர் அதனைத் தூய்மைப்படுத்த உதவினார். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு அச்சாறு ஏற்றப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. தூய்மைப்படுத்தப்பட்ட சாறு சில நாட்களின் பின் ஏற்றப்பட்டபோது சிறுவன் தேறினான். அதுவரை பட்டினியுணவு ஒன்றினாலேயே சில காலம் மட்டும் உயிர்தாங்கிய நோயாளர்க்கு அது மறுபிறப்பாயிற்று. 1923இல் பான்ரிங்கிற்கும் மக்லியொட்டுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இக்கண்டுபிடிப்பின் உரிமத்தை அதன் உரிமையாளர் மூவரும் தலைக்கு ஒரு டொலர் பெற்றுப் பல்கலைக்கழகத்திற்குக் கையளித்தமை இங்கு கருதற்பாலது. மருந்து மனிதகுலத்தின் பொதுச்சொத்தாக வேண்டுமென்பதே அச்செயலின் உட்பொருள். ஆயினும் ஒரு நூற்றாண்டின் பின், உலக இன்சுலின் சந்தையின் மிகப் பெரும்பகுதி மூன்று பன்னாட்டு நிறுவனங்களின் கையிற் குவிந்துள்ளது. இரண்டாம் வகை நோயாளருள் இன்சுலின் தேவைப்படுவோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கே அது கிடைக்கின்றதென உலக சுகாதார நிறுவனம் 2021இல் எடுத்துக்காட்டியது. மருந்தைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானத்தின் வெற்றியாகலாம். அதனை வேண்டுவோர் யாவர்க்கும் சேர்ப்பது சமூக ஒழுங்கமைப்பின் பணியாகும். முன்னது நிறைவேறிப் பின்னது நிறைவேறாத நிலையில் நாம் உள்ளோம்.

இலங்கையின் நிலை

2021ஆம் ஆண்டில் உலகில் 20 முதல் 79 வரை வயதுடையோருள் ஏறத்தாழ 53 கோடியே 70 இலட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்ந்தனரெனச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் மதிப்பிட்டது. அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் கொண்ட நாடுகளைச் சேர்ந்தோர். நீரிழிவு செல்வர்க்குரிய நோய் என்ற பழைய கருத்து இதனாலேயே தகர்ந்துவிடுகின்றது.

இலங்கையில் 2005–2006ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நகர்ப்புறத்தில் இது 16.4 ஆகவும் கிராமப்புறத்தில் 8.7 ஆகவும் இருந்தது. அந்நோயாளருள் மூன்றிலொரு பங்கிற்கும் மேற்பட்டோர் தமக்கு நோயுள்ளதை அவ்வாய்வின்போதே முதன்முதலாக அறிந்தனர். 2018–2019இல் நாடளாவிய நிலையில் மேற்கொள்ளப்பட்ட மற்றோர் ஆய்வு, வளர்ந்தோருள் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு உண்டெனவும், மேலும் 30 பேரளவில் நீரிழிவின் வாயிலில் நிற்கின்றனரெனவும் கூறிற்று. இரு ஆய்வுகளின் அளவீட்டு முறைகளும் முற்றிலும் ஒத்தனவல்ல என்பதை மனங்கொள்ள வேண்டும். எனினும், நோய் பெருகும் திசையையிட்டு ஐயம் கொள்வதற்கு இடமில்லை.

காரணங்களை எங்கே தேடுவது?

நோயாளியின் நாவடக்கமின்மையே நோய்க்குக் காரணம் என்பது எம்மிடையே பரவலான எண்ணம். வைத்தியர் சிலரும் இதனையே கடிந்துரையாகக் கூறுவர். இவ்விளக்கம் பகுதி உண்மையை மட்டுமே கொண்டது. ஒரு தலைமுறைக் காலத்தில் நோய் இத்துணை பெருகியமைக்கு மக்கள் யாவரும் ஒருங்கே ஒழுக்கம் தளர்ந்தனர் என்பது பொருத்தமான விடையாகாது. மாறியது மக்களின் குணமன்று. அவர்கள் வாழும் சூழலே ஆகும்.

முதலில் உடலியல்பை நோக்குவோம். தென்னாசியர் மேனாட்டாரைவிடக் குறைந்த உடற்பருமனிலேயே வயிற்றுப்பகுதியிற் கொழுப்பு மிகப்பெற்று நீரிழிவுக்கு ஆளாகின்றனர். இதனைக் கருத்திற்கொண்டே ஆசிய மக்களுக்கு உடற்றிணிவுச் சுட்டெண் 23இலிருந்தே எச்சரிக்கை வேண்டுமென 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. கருவிலே போதிய போசாக்கின்றி எடை குறைந்து பிறந்த குழந்தை, பிற்காலத்தில் உணவு மிகுந்த சூழலில் வாழ நேரும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆளாகும் என்ற கருத்தினை ஏல்சும் பாக்கரும் 1992இல் முன்வைத்தனர். இக்கருத்து எமக்கு மிக முக்கியமானது. தாயின் வறுமை பிள்ளையின் நடுவயதில் நோயாக வெளிப்படுமாயின், நீரிழிவு வளத்தின் நோய் மட்டுமன்று. முன்னைய தலைமுறை பட்ட பசியின் எச்சமுமாகும். தலைமுறை தலைமுறையாகக் குறைந்த கூலியில் வாழ்ந்த மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிச் சிந்திப்போர் இதனை மறத்தலாகாது.

அடுத்து உணவை நோக்குவோம். கோதுமை இந்நாட்டில் விளைவதன்று. எனினும் இறக்குமதிக் கோதுமை மாவும் பாணும் எமது அன்றாட உணவின் இன்றியமையாப் பகுதிகளாகிவிட்டன. 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பாரிய மா ஆலை இப்போக்கினை மேலும் உறுதிப்படுத்தியது. குரக்கன், சாமை, தினை முதலியன வயலிலிருந்தும் அடுப்பங்கரையிலிருந்தும் ஒருங்கே பின்வாங்கின. தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளையரிசி நாகரிகத்தின் அடையாளமாயிற்று. நாள்தோறும் பலமுறை பருகும் தேநீரிற் சேரும் சீனி கணக்கில் வராத உணவாயிற்று. தோட்டத்திற் கோதுமை மா ரொட்டியும் சீனித் தேநீரும் உழைப்பாளியின் வயிற்றை மலிவாக நிரப்பும் உணவாயின. மரக்கறி, மீன், பயறு ஆகியவற்றின் விலை ஏறும்போது ஏழையின் தட்டிற் குறைவது கறியே; சோறன்று. ஆகவே, சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டுக என்னும் மருத்துவ அறிவுரை, வருமானம் குறைந்த குடும்பத்துக்கு ஒரு பொருளாதார வினாவாகவே போய்ச் சேர்கின்றது.

உழைப்பின் தன்மையும் மாறியுள்ளது. துலா மிதித்தும் மண்வெட்டி பிடித்தும் வாழ்ந்தோரின் பிள்ளைகள் மேசையின் முன் அமர்ந்து தொழில் செய்கின்றனர். துவிச்சக்கரவண்டியின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. பெண்களைப் பொறுத்தவரை நிலை மேலும் சிக்கலானது. வீட்டு வேலையின் சுமை குறையாதிருக்க, மாலையில் வீதியில் நடப்பதற்கான ஓய்வும் பாதுகாப்பும் சமூக ஒப்புதலும் அவர்களுக்குக் கிடைப்பது அரிது. வீட்டார் அனைவரும் உண்டபின் எஞ்சியதை நேரந்தவறி உண்ணும் வழக்கம் நோயுற்ற தாய்மாரின் மருந்து ஒழுங்கையும் குலைத்துவிடுகின்றது.

நோயைக் கட்டுப்படுத்தும் முறை

நீரிழிவைக் கண்டறிதல் எளிது. எட்டு மணிநேரமேனும் உண்ணாதிருந்தபின் எடுக்கப்படும் குருதியில் ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் குளுக்கோசு காணப்படின் அது நீரிழிவாகும். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஏ1சி என்னும் ஈமோகுளோபின் சோதனையில் 6.5 வீதமும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். அறிகுறி ஏதும் இல்லாதோரிடத்துச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து உறுதிப்படுத்துவர்.

சிகிச்சையின் அடித்தளம் உணவும் உடலுழைப்புமாகும். சீனியும் இனிப்புப் பானங்களும் தவிர்க்கப்படல் வேண்டும். தட்டின் அரைப்பங்கு இலைக்கறியும் மரக்கறியுமாகவும், கால்பங்கு மீன், முட்டை, பருப்பு முதலிய புரத உணவாகவும், எஞ்சிய கால்பங்கே சோறாகவும் அமைதல் நன்று. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை என எமது வேலியோரத்து இலைவகைகள் இதற்குப் பெரிதும் உதவுவன. வாரத்திற் குறைந்தது 150 நிமிடநேர விரைநடை அல்லது அதற்கு நிகரான உழைப்பு, கலங்கள் இன்சுலினை ஏற்கும் ஆற்றலைக் கூட்டுகின்றது.

இவ்வாழ்க்கைமுறை மாற்றம் நோயைக் கட்டுப்படுத்துவதோடு, நோய் வருமுன் காக்கவும் வல்லது. நீரிழிவின் வாயிலில் நின்றோரிடையே உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியதால் நோய் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 58 பங்கு குறைந்ததென ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஆய்வு 2002இற் காட்டியது. எமக்கு அண்மையிலுள்ள சென்னையிலிருந்து இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்விலும் இவ்வாய்ப்பு நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்தது. எமது உணவுப் பழக்கமும் உடலமைப்பும் ஒத்த மக்களிடையே பெறப்பட்ட முடிபாதலின் இது எமக்கு நேரடிப் பொருத்தமுடையது.

மருந்துகளுள் மெற்போமின் முதலிடம் பெறுவது. ஐரோப்பிய மூலிகையொன்றின் வேதிப்பொருளை ஆராய்ந்ததன் வழியே உருவான இம்மருந்து 1957 முதற் பயன்பாட்டில் உள்ளது; விலை குறைந்தது; ஈரல் குளுக்கோசை வெளிவிடுவதைக் கட்டுப்படுத்துவது. சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரைகளும், சிறுநீர்வழி குளுக்கோசை வெளியேற்றும் புதிய மாத்திரைகளும் உள. இவை போதாதவிடத்து இன்சுலின் ஊசி வேண்டப்படும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தினாற் சிதைவுகள் குறையுமா என்ற நீண்டகால ஐயத்தினை இரு பேராய்வுகள் தீர்த்துவைத்தன. முதலாம் வகை நோயாளரிடையே நிகழ்ந்து 1993இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வும், இரண்டாம் வகை நோயாளரிடையே நிகழ்ந்து 1998இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வும், கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் காக்கின்றதென நிறுவின. குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்துவதும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்குக் குறையாத முக்கியத்துவம் உடையதென்பதைப் பின்னைய ஆய்வு தெளிவாக்கிற்று.

மருந்து கொள்வோர் ஓர் ஆபத்தினை அறிந்திருத்தல் வேண்டும். இன்சுலினோ சதையியைத் தூண்டும் மாத்திரையோ எடுத்தபின் உணவு தவறுமாயின் குருதிச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து, வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றி மயக்கம் வரை செல்லும். நினைவுள்ளபோதே உடனடியாகச் சீனி கரைத்த நீர் கொடுத்தல் உயிர்காக்கும் செயலாகும். விரதம் அனுட்டிப்போரும் நேரத்துக்கு உணவு கிடைக்காத நாட்கூலியாளரும் இதுபற்றி முன்கூட்டியே வைத்தியருடன் பேசுதல் வேண்டும்.

காலைப் பேணுதல் பற்றித் தனியே கூறவேண்டியுள்ளது. உணர்விழந்த கால் முள்ளையும் அறியாது, சுடுமணலையும் அறியாது. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலுடன் உழைப்போரும், திருவிழாக் காலத்து உச்சிவெயிலிற் கோயில் வீதியை வலம்வருவோரும் தாம் அறியாமலே புண்பட்டு, அப்புண் ஆறாது அழுகி, ஈற்றிற் காலையே இழக்க நேர்கின்றது. இரவு படுக்குமுன் இரு உள்ளங்கால்களையும் விளக்கொளியிற் பார்த்துக்கொள்ளும் செலவற்ற பழக்கம் ஒன்றினாலேயே இத்துன்பத்தின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

சில தவறான நம்பிக்கைகள்

கசப்பு இனிப்பை முறிக்கும் என்ற எண்ணத்தாற் பாவற்காய்ச் சாற்றை மட்டும் நம்பி மருந்தைக் கைவிடுவோர் பலர். பாகற் கொடியினத்திலும் பிற மூலிகைகளிலும் சர்க்கரையைக் குறைக்கும் பொருள்கள் இருத்தல் கூடும். அவற்றை ஆராய்தல் எமது பல்கலைக்கழகங்களின் கடமையுமாகும். ஆனால் அளவறியாச் சாறு, அளவறிந்த மருந்துக்கு ஈடாகாது. குரக்கனை எவ்வளவும் உண்ணலாம் என்பதும் பிழை. அது நார்ப்பொருள் மிக்கதாயினும் மாப்பொருளே. அளவு அங்கும் வேண்டும். இன்சுலின் ஏற்றினால் இறுதிக்கட்டம் வந்துவிட்டது என்ற அச்சமும், மாத்திரைகளே சிறுநீரகத்தைப் பழுதாக்குகின்றன என்ற அச்சமும் நோயாளரைச் சிகிச்சையினின்று விலக்கிவிடுகின்றன. உண்மையிற் சிறுநீரகத்தைப் பழுதாக்குவது கட்டுப்படாத நோயேயாகும். சர்க்கரை குறைந்துவிட்டதெனக் கண்டு மருந்தை நிறுத்துதல் மற்றொரு தவறு. மருந்தினாலேயே குறைந்தது, மருந்து நின்றதும் மீண்டும் ஏறிவிடும்.

சமூகத்தின் பொறுப்பு

நீரிழிவு ஒருமுறை ஊசியேற்றி முடித்துவிடும் நோயன்று. வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் கிளினிக் வரிசையில் நிற்கவைக்கும் நோய். நாட்கூலியாளருக்கு அவ்வரிசை ஒருநாட் கூலியின் இழப்பாகும். 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீண்டகாலம் மின்சாரமும் மருந்துப் போக்குவரத்தும் அற்றிருந்த நிலையில், இன்சுலினைக் கெடாது வைத்திருப்பதே நோயாளருக்குப் பெரும் போராட்டமாயிற்று. நீர் ஊற்றிய மட்பாண்டத்தின் குளிர்ச்சி, குளிரூட்டியின் 2 முதல் 8 பாகை வரையான குளிர்ச்சிக்கு நிகராகாது. எனினும் வெளிவெப்பத்தினின்று மருந்தைக் காக்கும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாடு முழுவதையும் தாக்கியது. தொடர்ச்சியான மருந்து வேண்டும் நோயாளரே யுத்தத்தையும் பொருளாதார வீழ்ச்சியையும் தம் உடலில் முதலிற் சுமக்கின்றனர் என்பதற்கு இவையிரண்டும் சான்றுகளாம்.

அரசு சில நடவடிக்கைகளை மேற்கொண்டுள்ளமையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் நிறுவப்பட்டன. 2016இல் இனிப்புப் பானங்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் விதி நடைமுறைக்கு வந்தது. 2017இல் அப்பானங்களின் சீனிக்கு வரி விதிக்கப்பட்டது. ஆனால் வேலைநாளிற் பகல்வேளையில் திறந்திருக்கும் நிலையத்துக்கு உழைக்கும் ஆண்கள் செல்வது எவ்வாறு? சீனிக்கு வரி விதித்தால் மட்டும் போதுமா, மரக்கறியும் பயறும் மலிவாகக் கிடைக்க வேண்டாமா? தோட்டத்து லயங்களிலும் மீன்பிடிக் கிராமங்களிலும் சோதனை மக்களைத் தேடிச் செல்லுதல் வேண்டும். மக்கள் சோதனையைத் தேடிவரும்வரை காத்திருத்தலாகாது. நடக்கத்தக்க பாதைகளும், பெண்கள் அச்சமின்றி உலாவத்தக்க வெளிகளும் மருந்தைப் போன்றே இன்றியமையாதன.

மலேரியாவை இந்நாடு வென்றது நோயாளியைக் கடிந்தன்று. நுளம்பு பெருகும் நீர்நிலைகளைத் தேடிச்சென்று, குருதியைச் சோதித்து, மருந்தை வீட்டுவாசலிற் கொடுத்தே வென்றது. நீரிழிவின் ஊற்றுக்கள் எமது சந்தையிலும், சமையலறையிலும், தொழிற்களத்திலும், கருவுற்ற தாயின் உணவுத் தட்டிலும் உள்ளன. தனிமனிதன் தன் பொறுப்பை ஏற்பதற்கு உகந்த சூழலை அமைத்துக் கொடுப்பது சமூகத்தின் பொறுப்பாகும். அப்பொறுப்பினை ஏலாது நோயாளியின் நாவினை மட்டும் குற்றஞ்சாட்டும்வரை, வைத்தியசாலை வரிசைகள் நீண்டுகொண்டே செல்லும் என்பது எமது துணிபு.